ஆகஸ்ட் மாதத்துச் சேறு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பணிக்காலம் முடிந்து மாலை போட்டு அனுப்பப்பட்டவர்கள் எழுதுவதுபோல நிதானமாக எழுத எனக்கு வராது. நான் பாதியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள். ஏன் வந்தேன் என்பதை மட்டும்தான் எழுத முடியும். படித்து முடித்ததும் இந்த வேலையின்மேல் உங்களுக்குப் பிடிப்புக் குறைந்தால் அது என் குற்றம்தான்.

நம் ஆய்வகம் பீன்யாவில் இருப்பதைப் பார்த்து முதல் நாள் நீங்களும் குழம்பியிருப்பீர்கள். ஒரு பக்கம் கியர் வெட்டும் ஷெட், இன்னொரு பக்கம் பெயின்ட் பூசும் கம்பெனி, நடுவில் கடல் புழுக்களை எண்ணும் நாம். "பெங்களூர்ல உக்காந்துக்கிட்டுக் கடல் புழுவை எண்றியே அண்ணி, கடல்ல இருக்கறவங்களே அதை எண்றதில்லையே" என்று என் நாத்தனார் கேட்பாள். கடற்கரையிலிருந்து ராத்திரி பஸ்ஸின் அடிப்பெட்டியில் சேறு வரும். சல்லடையில் அலசி, சிவப்புச் சாயம் போட்ட பாட்டில்கள். மருந்து நாற்றம் தாங்காமல் கண்டக்டர்கள் சண்டை போடுவார்கள். அந்தச் சேற்றிலிருந்து நகத்தளவுகூட இல்லாத புழுக்களைப் பொறுக்கி, அளந்து, எடை போடுவதுதான் என் வாழ்க்கையின் பெரும்பகுதி.

நான் சொல்லப்போவது மேற்குக் கரையில் ஒரு ஆற்றின் முகத்துவாரத்துக்கு வெளியே இருந்த கடலடிச் சேறு பற்றி. பக்கத்தில் ஒரு தனியார் நிறுவனம் துறைமுகத் தளம் கட்டவிருந்தது. கப்பல் வர ஆழப்படுத்தும்போது தோண்டிய மண்ணை எங்காவது கொட்ட வேண்டும். தூரத்தில் ஆழ்கடலில் கொட்டலாம், செலவு அதிகம். இல்லையென்றால் முகத்துவாரத்துக்கு வெளியே அந்தச் சேற்றின் மேலேயே கொட்டலாம். சேறு வளமானதா, ஒன்றுமில்லாததா என்று ஒரு வருடம் மாதாமாதம் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. சொல்வதை வைத்து அனுமதிக் குழு முடிவு செய்யும்.

எங்களுக்குப் படகு ஓட்டியவர் நாகேஷ். அந்த இடத்தில்தான் அவர் கிழங்கான் மீன் பிடிப்பார். கிழங்கான் சேற்றுப் புழுவைத் தின்று வளரும் மீன். மண் கொட்டினால் புழு போகும், மீன் போகும், நாகேஷின் பிழைப்பும் போகும். இது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு நாள்கூட "எங்களுக்குச் சாதகமா எழுதுங்க" என்று அவர் கேட்டதில்லை. "எண்ணிப் பாருங்க மேடம், எண்ணினா தெரியும்" என்பார். அவர் பேசியது கன்னடம். நான் தமிழில் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். சேற்றில் ஒரு நேரத்தில் எவ்வளவு புழு இருக்கிறது என்பது இருப்பு. ஒரு வருடத்தில் எவ்வளவு புழு பிறந்து வளர்ந்தது என்பது உற்பத்தி. அந்தச் சேற்றில் இருப்பு மிகக் குறைவு. குஞ்சுகள் வளர வளர மீன் தின்றுவிடுகிறது, உடனே அடுத்த தலைமுறை வளர்கிறது. ஆகவே இருப்பைப் பார்த்தால் தரித்திரம். உற்பத்தியைப் பார்த்தால்தான் அந்த இடம் எவ்வளவு மீனுக்குச் சோறு போடுகிறது என்பது தெரியும். அதைக் கணக்கிட ஒரு தலைமுறையை மாதாமாதம் தொடர்ந்து பார்க்க வேண்டும். அங்கே குஞ்சுகள் மொத்தமாகச் சேற்றில் இறங்குவது மழைக்காலத்தின் நடுவில், ஆகஸ்டில். அந்த மாதச் சேறு இல்லாவிட்டால், பிறந்தது எத்தனை, நாம் பார்ப்பதற்கு முன்பே மீன் தின்றது எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

சேறு எடுக்கப் போகிறவன் அருள். பெங்களூர் ஒக்கலிபுரத்துப் பையன், எம்.எஸ்ஸி. முடித்து நேராக எங்களிடம் வந்தவன். கலகலப்பானவன். வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் அவனுடைய அம்மா ஒரு நாள் மதியம் ஆய்வகத்துக்கு வந்தார். வீட்டில் துணி தைப்பவர். அவன் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார்.

"மேடம், நான் வந்தேன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க. இன்டர்வியூல நீச்சல் தெரியுமான்னு கேட்டீங்களாமே. தெரியும்னு சொல்லிட்டானாம். அவனுக்குக் குளத்துல இறங்கவே பயம் மேடம்."

"அப்படின்னா ஆபீஸ் வேலைக்கு மாத்திடறேன்மா."

"அய்யோ, வேணாம். ஃபீல்டு அலவன்ஸ் போயிடும், என்னைக் கொன்னுடுவான். கடல் நல்லா இருந்தா அனுப்புங்க. நல்லா இல்லன்னா நிறுத்திடுங்க. நீங்களும் பொண்ணு வெச்சிருக்கீங்க. நான் உங்களை நம்பித்தான் இருக்கேன்."

என் மகள் அப்போது வெளியூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். ஃபோன் எடுக்கத் தாமதமானால் வார்டனை அழைக்கிற ரகம் நான். "அம்மா, நான் குளிக்கப் போறப்ப முன்கூட்டியே மெசேஜ் போடட்டுமா?" என்று கேலி செய்வாள். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் இன்னொரு தாய் வந்து இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். சரி என்று தலையாட்டினேன்.

ஆகஸ்ட் வந்தது. பல நாள் காற்று ஓய்ந்து, ஒரு காலை படகுத்துறையிலிருந்து அருள் அழைத்தான்.

"மேடம், நாகேஷ் அண்ணா போலாம்னு சொல்றாரு. அலை கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான் மேடம்."

"ஃபோனை அவர்கிட்ட குடு."

நாகேஷ் வாங்கினார். "ஏனூ ஆகல்ல மேடம், ஒண்ணும் ஆகாது. முகத்துவாரத்துல ஒரு ஆட்டம் ஆடும். தாண்டிட்டா அந்தப் பக்கம் சும்மா இருக்கும்."

"அருளுக்கு நீச்சல் தெரியாது, நாகேஷ்."

அவர் சிரித்தார். "போன மாசம் என்கூட நீச்சல் பந்தயம் போடறேன்னானே, கள்ளன். பரவாயில்ல, ஜாக்கெட் போட்டிருக்கான். நான் இருக்கேன்."

"வேணாம். இறங்க வேணாம்."

"மேடம், இந்த மாசச் சேறு விட்டா மொத்தமும் வீண்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ரெண்டு நாள் பாக்கலாம்."

"ரெண்டு நாள்ல இது நல்லாயிடும்னு எனக்குத் தோணல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் மட்டும் போய் அள்ளிட்டு வரட்டுமா? இத்தனை மாசமா பாத்திருக்கேனே. இடமும் தெரியும்" என்றார்.

இதற்கும் முடியாது என்றேன். அந்த இடத்தால் பிழைக்கிறவர் தனியாகப் போய் அள்ளிவந்த சேற்றை வைத்து அந்த இடத்தைக் காப்பாற்றச் சொன்னால் எந்தக் குழு ஒப்புக்கொள்ளும்? அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "நீங்க எடுத்தா செல்லாது நாகேஷ்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஃபோனை அருளிடம் கொடுத்துவிட்டார்.

அன்று அந்த முகத்துவாரத்தைத் தாண்டிப் போன மற்றப் படகுகள் பத்திரமாகத் திரும்பின. அதனால் அருள் போயிருந்தாலும் திரும்பியிருப்பான் என்று ஆகாது. இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு புயல் சின்னம் வந்தது. மழை வந்தது. அந்த மாதத்தில் இன்னொரு நல்ல நாள் வரவேயில்லை. செப்டம்பர்ச் சேற்றில் ஓரளவு வளர்ந்த புழுக்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றோடு பிறந்தவை எத்தனை ஆயிரம் என்ற கணக்கு போய்விட்டது.

அறிக்கை எழுதும் நேரத்தில் எங்கள் இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது எல்லாம் அவரிடம் கற்றதுதான். கோபமே வராது. எல்லாருக்கும் தானே டீ ஊற்றிக் கொடுப்பார். அன்றும் ஊற்றினார்.

"வசந்தி, ஜூலை இருக்கு, செப்டம்பர் இருக்கு. நடுவுல ஒரு கோடு போடு. கோட்டுல ஆகஸ்ட் எங்க விழுதோ அதை எழுது."

"அந்த மாசம்தான் சார் குஞ்சு இறங்கற மாசம். கோடு போட்டா அது வராது."

"வராது. கம்மியாத்தான் வரும். உண்மையைவிடக் கம்மியா சொல்றது பொய்யாம்மா? கம்மியா சொன்னாலே அந்த இடம் பிழைச்சுடும்."

"குஞ்சு எத்தனை, எந்த சைஸ்ல எத்தனைன்னு ஒவ்வொண்ணா நான் எழுதணும் சார். ஒண்ணையும் நான் பாக்கல."

"கீழ ஒரு குறிப்புப் போட்டுக்கலாம்."

"குறிப்பை யாரு சார் படிக்கிறாங்க? நாளைக்கு எவனாவது இன்னொரு இடத்துக்கு இதே மாதிரி கோடு போட்டு, வளமே இல்லன்னு எழுதினா, நாம என்ன சொல்றது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு எவனோ செய்யப்போறதுக்கு இன்னைக்கு இந்த இடத்தைக் குடுக்கறியா? சரி. ஆனா ஓட்டையோட உற்பத்தி அத்தியாயத்தை வெச்சா, அதைக் காட்டியே மொத்த அறிக்கையையும் அவங்க தள்ளிடுவாங்க. அத்தியாயத்தை எடுத்துடணும். இருப்பு மட்டும்தான் போகும். புரியுதில்ல?"

"இன்னொரு வருஷம் கேக்கலாம் சார். குழுவுல நானே கேக்கறேன்."

"கேளு" என்றார். கிடைக்கும் என்று அவர் நம்பவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. வேறு யாரிடமாவது கொடுத்து அந்தக் கோட்டைப் போட்டிருக்கலாம்; அவர் செய்யவில்லை. என் பெயரில் போகிற வேலை என்பதால் என் இஷ்டத்துக்கு விட்டார். அதற்காக அவரைப் பாராட்டுவதா, நொந்துகொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அனுமதிக் குழுவின் கூட்டம் பெங்களூரிலேயே நடந்தது. பொறியாளர்கள், அதிகாரிகள், துறைமுக நிறுவனத்தின் ஆட்கள். பேச்சு கன்னடமும் ஆங்கிலமுமாகப் போனது. எங்கள் முறை வந்ததும் தலைவர் எங்கள் அறிக்கையைப் புரட்டிவிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் புழு என்று கேட்டார். சொன்னேன். பக்கத்திலிருந்தவர், "இவ்வளவுதானா? என் வீட்டுப் பூந்தொட்டியிலயே இதைவிட ஜாஸ்தி இருக்குமே" என்றார். சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். "சார், ஒரு தர்ஷினி ஓட்டல்ல காலையில போய் இட்லிப் பானையைத் திறந்து பாருங்க. எப்ப திறந்தாலும் உள்ள கொஞ்சம் இட்லிதான் இருக்கும். அதை எண்ணிட்டு இது சின்னக் கடைன்னு சொல்ல முடியுமா? வேக வேக வித்துக்கிட்டே இருக்கு. இங்கயும் அப்படித்தான். புழு வளர வளர மீன் தின்னுது. இருக்கறது கொஞ்சம், விளையறது நிறைய."

தலைவர் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். நன்றாகக் கேட்டுக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்; கெட்ட மனிதர் இல்லை.

"நல்ல உதாரணம் மேடம். ஒரு நாளைக்கு எத்தனை இட்லி வித்துது? பில் இருக்கா?"

மறுபடி சிரித்தார்கள். இந்த முறை என்னைக் கேலி செய்யவில்லை, அந்த உதாரணத்தை ரசித்துத்தான் சிரித்தார்கள். நான் இல்லை என்றேன். ஒரு மாதத்துச் சேறு எடுக்க முடியவில்லை, இன்னொரு வருடம் கொடுங்கள் என்றேன். துறைமுக நிறுவனத்தின் ஆள் எழுந்து, மழைக்காலம் ஒவ்வொரு வருடமும்தான் வரும், அடுத்த வருடமும் படகு போகாது என்று இவர்கள் வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்டார். தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போனார். முகத்துவாரத்துக்கு வெளியே கொட்டலாம் என்று முடிவானது.

அந்த ஆகஸ்டுக்கு மட்டும் ஒரு எண் இருந்திருந்தால், கோடு போட்டு வந்த குறைந்த எண்ணாகவே இருந்திருந்தாலும், அந்த அறையில் அது போதுமாக இருந்திருக்கும். தலைவர் கேட்டது அதைத்தான்.

கொட்ட ஆரம்பித்த நாளில் நாகேஷ் ஃபோனில் ஒரு வீடியோ அனுப்பினார். மண் ஏற்றிய மிதவை ஒன்று வந்து நிற்கிறது. அடிப்பக்கம் திறக்கிறது. தண்ணீர் கொதிப்பதுபோல மேலே வந்து, பழுப்பாகி, விரிகிறது. பேச்சு எதுவும் இல்லை. அந்தச் சேற்றில் எந்தப் புழு எவ்வளவு ஆழத்தில் குழாய் கட்டிக்கொண்டு இருக்கும், எவ்வளவு மண் மேலே விழுந்தால் அதனால் ஏறி வர முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு மாதிரி. அதற்குப் பிறகு மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தால் சாயம் ஏறிய புழுக்கள் கண்ணில் படும், கை எண்ணாது. சில மாதங்கள் இழுத்துப் பார்த்தேன். பிறகு ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன்.

அருள் எனக்கு முன்பே போய்விட்டான். மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. போகும்போது, "நான் போயிருப்பேன் மேடம்" என்று மட்டும் சொன்னான். அவன் அம்மா என்னை வந்து பார்த்ததை நான் அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவர் மைசூர்பாகுப் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். "அன்னைக்கு நீங்க நிறுத்தினீங்களாமே. சாமி மாதிரி மேடம் நீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பெட்டி பல நாள் பிரிக்காமல் கிடந்தது. மகள் லீவில் வந்து தின்றாள்.

இதில் பாடம் என்ன என்று கேட்பீர்கள். படகை நிறுத்தியது சரி என்று இன்றும் நினைக்கிறேன். நாளை அதே ஃபோன் வந்தாலும் அதே பதில்தான் சொல்வேன். கோடு போட மறுத்ததும் சரி என்றுதான் நினைத்தேன். இரண்டு சரிகளும் சேர்ந்து அந்த இடத்தை முடித்துவிட்டன. நாகேஷ் தனியாகப் போகிறேன் என்றபோது, கரையில் வேறு யாரையாவது, ஒரு பள்ளி ஆசிரியரையோ மீன்துறை ஊழியரையோ, உடன் ஏற்றி அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரமே தோன்றியது. அப்போது கடல் மூடிவிட்டது. உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய உருப்படியான யோசனை அது ஒன்றுதான்: மழைக்காலத்துக்கு முன்பே, நீச்சல் தெரிந்த, அந்த இடத்தோடு சம்பந்தமில்லாத இன்னொரு ஆளைக் கரையிலேயே ஏற்பாடு செய்து வையுங்கள். குறிப்புப் போட்டு யாராவது கோடு போட்டால், நான் இப்போது அவர்களோடு வாதாட மாட்டேன்.

ஓய்வுக்குப் பிறகு பி.எஃப். விஷயமாக ஒருமுறை பீன்யாவுக்கு வந்தேன். கியர் கம்பெனியின் கேட்டில் நீலச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் லாரிக்குச் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "மேடம்" என்று கூப்பிட்ட பிறகுதான் நாகேஷ் என்று தெரிந்தது. பெங்களூரில் அவருக்குத் தெரிந்த ஒரே இடம் எங்கள் பாட்டில்களில் ஒட்டியிருந்த முகவரிதானாம். அந்தத் தெருவுக்கு வந்து வேலை விசாரித்து, பக்கத்துக் கம்பெனியில் வேலை பிடித்திருக்கிறார். வீட்டார் ஊரில்.

"படகு?"

"இருக்கு. தம்பி வீட்டுப் பக்கத்துல கவுத்து வெச்சிருக்கு. விக்கல." லாரி போனதும் சங்கிலியை மாட்டினார். "மேடம், ஒண்ணு கேக்கணும். அங்க புழு திரும்ப வருமா?"

"வரும். முதல்ல வேற ஜாதிப் புழு வரும். பழைய புழு வர நாளாகும். கொட்டறதை நிறுத்தணும்."

"கொட்டறது முடிஞ்சுது, போன கோடையிலயே."

"அப்ப வரலாம்."

"நானே போய்ப் பாத்தா எனக்கு என்ன தெரியும்? அள்ளினா சேறுதான் தெரியும். நீங்கதான் எண்ணிச் சொல்லணும். வந்துருச்சுன்னா ஒரு ஃபோன் பண்ணுங்க மேடம். அன்னைக்கே கிளம்பிடுவேன்."

நான் ஓய்வு பெற்றுவிட்டதை அவரிடம் சொல்லவில்லை. சரி என்றேன்.

அந்தத் திட்டம் முடிந்துபோனது. அங்கே போய்ச் சேறு எடுக்கச் சொல்லி யாரும் யாருக்கும் வேலை கொடுக்கவில்லை. நாகேஷ் எப்போதாவது அழைப்பார். என் மகளை விசாரிப்பார், நான் அவர் பிள்ளைகளை விசாரிப்பேன். கடைசியில், "அங்க எப்படி மேடம்?" என்பார். "இன்னும் வரல, நாகேஷ்" என்கிறேன். அந்தச் சேற்றை நான் பார்க்கவேயில்லை.